மனித உடற்பகுதிகளின் பாக்டீரியக் குழுமங்கள்: ஒப்பீட்டு முறைகளும் அவற்றின் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

மனித உடலின் வாய், தோல், பெருங்குடல், யோனி ஆகிய பகுதிகளில் வாழும் பாக்டீரியக் குழுமங்கள் எண்ணிக்கையாலும் இனக்கூட்டாலும் பெரிதும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகளை அளக்கும் முறைகளையும், அம்முறைகளின் வழிக் கிடைத்த முதன்மையான முடிவுகளையும், ஒப்பீட்டில் நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. மாதிரிக்குள் காணப்படும் பன்மை, மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடு ஆகிய இரு அளவுகோல்களும் வகைப்பாட்டு நிலைக்கு ஏற்ப வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஆகவே, பன்மையின் மிகுதியை உடல்நலத்தின் அடையாளமாக எல்லா உடற்பகுதிகளுக்கும் பொதுவாகக் கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பாக்டீரியக் குழுமம், உடற்பகுதி, அகப்பன்மை, இடைப்பன்மை, 16எஸ் மரபணு, மாசுபாடு.

முன்னுரை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக், தாம் வடிவமைத்த நுண்ணோக்கியால் 1681இல் தம் மலத்தையும் 1683இல் பல்லிடுக்கில் படிந்த அழுக்கையும் ஆராய்ந்து, அவற்றில் கண்ட நுண்ணுயிரிகளை இலண்டன் ராயல் கழகத்திற்குக் கடிதங்கள் வாயிலாகத் தெரிவித்தார். தம் பல்லழுக்கோடு அவர் நிறைவடையவில்லை; பிறருடைய பல்லழுக்கையும் பெற்று ஒப்பிட்டார். மனித உடலின் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆய்வு, இவ்வாறு தொடக்கத்திலேயே ஒப்பீட்டு ஆய்வாக அமைந்தது.

லீவன்ஹூக் எழுப்பிய வினா இன்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே மனிதரின் நாவும் முன்கையும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன? இரு மனிதரின் நாக்குகள் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன? இவற்றுக்கு விடை காண, 'வேறுபாடு' என்பது எதனால் அளக்கப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். 'பன்மை மிகுந்தால் நலம்' என்னும் கூற்று உடல்நலச் செய்திகளிலும் விளம்பரங்களிலும் பரவலாக வழங்கிவரும் இக்காலத்தில் இத்தெளிவு இன்றியமையாததாகிறது.

1. கலைச்சொல் விளக்கம்

உடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களைக் குறிக்கப் பழைய நூல்கள் 'ஃபுளோரா' என்னும் சொல்லை ஆண்டன. அது தாவரங்களைக் குறிக்கும் சொல். பாக்டீரியாக்கள் தாவர உலகில் அடங்கும் எனக் கருதிய காலத்தின் எச்சம். தமிழில் 'நுண்ணுயிர்த் தொகுதி' என்பதும் வழக்கில் உள்ளது. ஆயினும் 'தொகுதி' என்பது வகைப்பாட்டியலில் உலகத்திற்கு அடுத்த படிநிலையைச் சுட்டும் சொல்லாக நிலைபெற்றுவிட்டதால், மயக்கம் தவிர்க்க இக்கட்டுரையில் 'பாக்டீரியக் குழுமம்' என்னும் தொடர் ஆளப்படுகிறது. ஒரே இடத்தில் ஒரே காலத்தில் சேர்ந்து வாழும் பல்வகைப் பாக்டீரியாக்களின் கூட்டம் என்பது இதன் பொருள்.

சூழலியலில் ஆல்ஃபா பன்மை, பீட்டா பன்மை எனப்படுபவை இங்கு முறையே 'அகப்பன்மை', 'இடைப்பன்மை' எனக் குறிக்கப்படுகின்றன. ஒரு மாதிரியினுள் எத்தனை வகைகள் உள்ளன, அவை எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பதைக் காட்டுவது அகப்பன்மை. இரு மாதிரிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டுவது இடைப்பன்மை.

2. எண்ணிக்கை அடிப்படையிலான வேறுபாடு

மனித உடலில் மனிதச் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உள்ளன என்னும் கணக்கு நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. 1972இல் தாமஸ் லக்கி வெளியிட்ட ஒரு தோராய மதிப்பீட்டிலிருந்து அது பரவியது. ரான் செண்டர், ஷாய் ஃபுக்ஸ், ரான் மைலோ ஆகியோர் 2016இல் இக்கணக்கை மறுஆய்வு செய்தனர். 70 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்களும் 30 இலட்சம் கோடி மனிதச் செல்களும் உள்ளன என்பது அவர்களது மதிப்பீடு. ஆக, இரண்டும் ஏறக்குறையச் சமம். இப்பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம்.

உடற்பகுதி ஒப்பீட்டிற்கு இம்மதிப்பீட்டின் மற்றொரு கூறு முதன்மையானது. பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் மட்டுமே உள்ளன. பெருங்குடல் உள்ளடக்கத்தின் ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடி என்னும் அளவில் அவை காணப்படுகின்றன. தோல் முழுவதிலும் வாழ்பவற்றைக் கூட்டினாலும் தொகை அந்த ஒரு மில்லிலிட்டரின் அளவை ஒட்டியே அமையும். அமிலம் மிகுந்த இரைப்பையிலோ ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரங்களே உள்ளன. எனவே உடற்பகுதிகளை ஒப்பிடுபவர், எண்ணிக்கையில் கோடிக்கணக்கான மடங்கு வேறுபடும் இடங்களை ஒரே அட்டவணையில் நிறுத்துகிறார் என்பதை மறத்தலாகாது.

3. வளர்ப்பு முறையும் மரபணு முறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாக்டீரியாக்களை அறிய, அவற்றை ஊடகத்தில் வளர்ப்பதே வழியாக இருந்தது. தியோடர் எஷரிச் 1885இல் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு கோலுரு பாக்டீரியாவைப் பிரித்தார். அவர் பெயராலேயே அது இன்று எஷரிஷியா கோலை எனப்படுகிறது. ஆல்பர்ட் டோடர்லைன் 1892இல் யோனியில் வாழ்ந்து அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களை விவரித்தார். ஆனால், எளிதில் வளர்பவை மட்டுமே இம்முறையில் புலப்பட்டன. பெருங்குடலில் ஆக்சிஜனைத் தாங்காதவை மிகுதி. அவற்றோடு ஒப்பிடுகையில் எஷரிஷியா கோலை சிறுபான்மையே எனினும், எளிதில் வளர்வதால் அது நெடுங்காலம் குடலின் முதன்மை உயிரிபோல் தோற்றமளித்தது.

கார்ல் ஊஸ் 1977இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு உயிரிகளின் உறவை அறியலாம் எனக் காட்டினார். பாக்டீரியாக்கள் அனைத்திலும் உள்ள 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 நியூக்ளியோடைடுகள் நீளமுடையது. அதில் மாறாப் பகுதிகளுக்கு இடையே ஒன்பது மாறும் பகுதிகள் உள்ளன. மாறாப் பகுதியில் தொடக்கியைப் பொருத்தி, மாறும் பகுதியைப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்தால் அது எவ்வகைப் பாக்டீரியா என அறியலாம். நெடுங்காலம், 97 விழுக்காடு ஒத்த வரிசைகள் ஒரே அலகாகத் தொகுக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் ஒரு நியூக்ளியோடைடு வேறுபாட்டையும் பிரித்துக் காணும் முறைகள் வழக்கிற்கு வந்துள்ளன.

4. வாழிடமே முதற்காரணி

எலிசபெத் காஸ்டெல்லோவும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நலமுடைய சிலரின் உடலில் 27 வரையிலான இடங்களில் மாதிரி எடுத்து ஒப்பிட்டது. மாதிரிகளின் ஒற்றுமை வேற்றுமைகளை முதன்மையாக விளக்கியது உடற்பகுதியே. ஒருவரின் நாக்கிலுள்ள குழுமம், அவருடைய முன்கையிலுள்ள குழுமத்தைவிட மற்றொருவரின் நாக்கிலுள்ள குழுமத்தையே மிகுதியும் ஒத்திருந்தது. ஒரே உடற்பகுதிக்குள் நோக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒருவரிடமே காலத்தால் நேரும் மாற்றம் அதைவிடக் குறைவாக இருந்தது.

இவ்வாய்வின் ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. நெற்றியிலும் முன்கையிலும் சிறு பரப்புகளைத் தூய்மைசெய்து, அவற்றில் நாவின் பாக்டீரியாக்கள் இடப்பட்டன. சில மணிநேரம் சென்றபின் முன்கைப் பரப்பு நாவின் குழுமத்தை ஒத்தே இருந்தது. நெற்றிப் பரப்போ நெற்றியின் இயல்பான குழுமத்தை நோக்கித் திரும்பியது. எண்ணெய்ப்பசை மிகுந்த நெற்றி, தனக்குரிய உயிரிகளைத் தேர்ந்துகொள்ளும் வாழிடமாகச் செயற்படுகிறது என இதனை விளக்கலாம். நிலத்துக்கு ஏற்பக் கருப்பொருள் அமையும் என்னும் திணைக் கோட்பாட்டை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இக்கருத்து அயலானதன்று.

இவ்வேறுபாடு பிறப்பிலேயே அமைந்ததன்று. மரியா டொமிங்கெஸ்-பெல்லோவும் பிறரும் வெனிசுவேலாவில் 9 தாய்மாரிடமும் அவர்களின் 10 குழந்தைகளிடமும் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த உடனே எடுத்த மாதிரிகளில் குழந்தையின் வாய், தோல் முதலிய பகுதிகளிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இயல்பாகப் பிறந்த குழந்தைகளின் குழுமம் தாயின் யோனிக் குழுமத்தையும், அறுவைவழிப் பிறந்த குழந்தைகளின் குழுமம் தோலின் குழுமத்தையும் ஒத்திருந்தது. வந்து சேரும் பாக்டீரியாக்களைப் பின்னரே ஒவ்வொரு உடற்பகுதியும் தன் தன்மைக்கேற்ப வடித்தெடுக்கிறது.

5. நான்கு உடற்பகுதிகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2007இல் தொடங்கிய மனித நுண்ணுயிர்க் குழுமத் திட்டம், நலமுடைய 242 பேரின் மாதிரிகளை ஆய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்களிடம் 15 இடங்களிலும் பெண்களிடம் 18 இடங்களிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்பது வாய்ப்பகுதியைச் சார்ந்தவை. நான்கு தோல் சார்ந்தவை. நாசித்துளைக்கு ஒன்று, குடலுக்கு மலமாதிரி ஒன்று. பெண்களிடம் கூடுதலாக யோனியின் மூன்று இடங்கள். வாயை ஒன்பதாகப் பகுத்த திட்டம், நீண்ட குடற்பாதையை ஒரே மலமாதிரியால் அறிந்தது என்பது முடிவுகளைப் படிக்கும்போது நினைவில் கொள்ளத்தக்கது.

5.1 வாய்

வாயின் பெரும்பாலான இடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பேரினம் மேலோங்கியுள்ளது. எனினும், பல்லின் மேற்பரப்பு, ஈறுக்குக் கீழான இடைவெளி, நாவின் மேற்புறம் என்னும் அண்டை இடங்களும் ஒன்றுபோல் இல்லை. ஈறுக்கடியில் ஆக்சிஜன் குறைவாதலால் அங்கு வாழ்பவையும் வேறாகின்றன. உமிழ்நீரில் அகப்பன்மை மிகுதி. ஆளுக்கு ஆள் காணும் இடைப்பன்மையோ குறைவு.

5.2 தோல்

எலிசபெத் கிரைஸும் பிறரும் 2009இல் 10 பேரிடம் தோலின் 20 இடங்களை ஆராய்ந்தனர். எண்ணெய்ப்பசை மிகுந்த இடங்கள், ஈரமான இடங்கள், உலர்ந்த இடங்கள் எனத் தோல் மூவகையாகப் பிரிந்தது. முதல்வகை இடங்களில், இன்று கியூட்டிபாக்டீரியம் எனப்படும் இனமும் அதன் உறவினங்களும் மிகுந்தன. அக்குள், முழங்கை மடிப்பு போன்ற ஈரமான இடங்களில் ஸ்டஃபைலோகாக்கஸும் கோரினிபாக்டீரியமும் மிகுந்தன. உலர்ந்த இடங்களில் பலவகை இனங்கள் கலந்திருந்தன. அகப்பன்மை முன்கையின் உட்புறத்தில் மிகுந்தும், காதின் பின்புற மடிப்பில் மிகக் குறைந்தும் இருந்தது. 'தோலின் குழுமம்' என ஒருமையில் பேசுவது பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது.

5.3 பெருங்குடல்

பாக்டீராய்டீட்டிஸ், ஃபெர்மிக்யூட்டிஸ் ஆகிய இரு தொகுதிகள் இங்கு முதன்மை பெறுகின்றன. மனித நொதிகளால் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை நொதிக்கச்செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அகப்பன்மை இங்கு மிகுதி. இவ்விரு தொகுதிகளின் விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறினாலும், குழுமம் நிகழ்த்தும் வளர்சிதைமாற்ற வழிகள் ஏறத்தாழ மாறாமல் இருந்தன. யார் செய்கிறார் என்பது மாறினும், செய்யப்படும் பணி நிலைபெறுகிறது.

5.4 யோனி

அகப்பன்மை மிகக் குறைந்த பகுதி இது. பெரும்பாலான பெண்களிடம் லாக்டோபேசில்லஸ் பேரினம் ஒன்றே மேலோங்கி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் பி.எச். மதிப்பைத் தாழ்வாக வைத்திருக்கிறது. பேரின நிலையில் நோக்கினால் பெண்களிடையே வேறுபாடு குறைவு. ஆனால், அதனினும் நுண்ணிய நிலையில் அதே மாதிரிகள் மிகுந்த இடைப்பன்மையைக் காட்டுகின்றன. ஒருவரிடம் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ், மற்றொருவரிடம் லாக்டோபேசில்லஸ் இனெர்ஸ் என மேலோங்கும் சிற்றினம் மாறுவதே காரணம். ஒரே தரவு, நோக்கும் படிநிலைக்கேற்ப 'ஒத்தது' என்றும் 'வேறானது' என்றும் விடை தருகிறது. ஆதலின், வகைப்பாட்டு நிலையைக் குறிப்பிடாத ஒப்பீடு முழுமை பெறாது.

6. பன்மையும் உடல்நலமும்

குடலைப் பொறுத்தவரை பன்மைக் குறைவு நோயோடு தொடர்புறும் நிலைகள் உண்டு. எதிர்நுண்ணுயிரி மருந்துகளால் குடற்குழுமம் சிதைந்தவரிடம் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று மீளமீளத் தோன்றுகிறது. இதற்கு நலமுடையவரின் மலக்குழுமத்தைச் செலுத்தும் மருத்துவம் நெதர்லாந்தில் சோதிக்கப்பட்டு 2013இல் முடிவுகள் வெளியாயின. அம்மருத்துவம் பெற்ற 16 பேரில் 15 பேர் நலமுற்றனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே நலமுற்றனர். நலமுற்றவர்களின் குடலில் அகப்பன்மை உயர்ந்து, கொடையாளரின் அளவை எட்டியது.

இம்முடிவை அப்படியே யோனிக்குப் பொருத்தினால் பிழை நேரும். பாக்டீரிய யோனி நோயில் லாக்டோபேசில்லஸ் குறைந்து, காற்றில்லாச் சூழலில் வாழும் பல இனங்கள் பெருகுகின்றன. அங்கு அகப்பன்மையின் உயர்வே நோயின் அடையாளம். ஒரு பகுதியில் நலத்தைக் காட்டும் எண், மற்றொரு பகுதியில் நோயைக் காட்டுகிறது. உடற்பகுதியின் பெயரைச் சொல்லாமல் 'பன்மை மிகுந்தால் நலம்' என்பது, உறுப்பைச் சொல்லாமல் 'அமிலம் மிகுந்தால் நலம்' என்பதைப் போன்றது.

7. ஒப்பீட்டில் நேரும் பிழைகள்

முதலாவது, விகிதத்தை எண்ணிக்கையாகக் கொள்ளுதல். ஓர் இலட்சம் பாக்டீரியாக்கள் உள்ள மாதிரியிலும் ஆயிரம் பாக்டீரியாக்கள் உள்ள மாதிரியிலும் ஓரினம் பாதியளவு இருப்பதாகக் கொள்வோம். வரிசை அறியும் கருவி இரண்டிலும் '50 விழுக்காடு' என்றே காட்டும். மேலும், ஓரினம் அழிந்தால் மற்றவை வளராமலேயே அவற்றின் விழுக்காடு உயரும். மொத்த எண்ணிக்கையைத் தனியே அளந்தாலன்றி இம்மயக்கம் தீராது.

இரண்டாவது, தொடக்கியின் சார்பு. 16எஸ் மரபணுவின் நான்காம் மாறும் பகுதியைப் பெருக்கப் பரவலாகப் பயன்பட்ட தொடக்கிகள் தோலின் கியூட்டிபாக்டீரியத்தைக் குறைத்துக் காட்டும். குடலுக்குப் பொருந்திய முறை தோலுக்குப் பொருந்தாமற் போகலாம். மேலும், இம்மரபணு ஒரு செல்லில் 1 முதல் 15 படிகள் வரை இருப்பதால் வரிசைகளின் எண்ணிக்கை செல்களின் எண்ணிக்கையாகாது. 2009இன் காஸ்டெல்லோ ஆய்வு, தோலின் சில இடங்கள் குடலையும் வாயையும்விடப் பன்மை மிகுந்தவை என்றது. 2012இன் திட்டமோ வாய்க்கும் மலத்திற்கும் முதலிடம் தந்தது. மாதிரி எடுத்த இடங்களும் ஆய்வு முறைகளும் வேறுபட்ட ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்தலாகாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, மாசுபாடு. டி.என்.ஏ. பிரிக்கும் வேதிப்பொருள்களிலேயே பாக்டீரிய டி.என்.ஏ. சிறிதளவு உண்டு. சுசன்னா சால்ட்டரும் பிறரும் 2014இல் ஒரே ஒரு சால்மோனெல்லா சிற்றினத்தின் தூய வளர்ப்பைப் படிப்படியாக நீர்த்து ஆராய்ந்தபோது, நீர்ப்பு மிகுந்த மாதிரிகளில் மாசு வரிசைகளே மேலோங்கின. நஞ்சுக்கொடியைப் பற்றிய விவாதம் இதன் விளைவை உணர்த்தும். நஞ்சுக்கொடிக்குத் தனிக் குழுமம் உண்டென்றும், அது வாயின் குழுமத்தை ஒத்ததென்றும் 2014இல் ஓர் ஆய்வு அறிவித்தது. 537 பெண்களின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு, கண்டறியப்பட்ட பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மாசினாலோ மகப்பேற்றின்போதோ வந்து சேர்ந்தவை என முடிவுசெய்தது. பாக்டீரியா குறைந்த உடற்பகுதியை ஆராய்வோர், மாதிரி இடாத வெற்றுச் சோதனையையும் உடன் நிகழ்த்துதல் கட்டாயமாகும்.

நான்காவது, புள்ளியியல் பிழை. ஒருவரிடமிருந்து எடுத்த 15 மாதிரிகள் 15 தனி மனிதர்களாகா. அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாகக் கொண்டால் இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தோன்றும். ஆளை ஓர் அலகாக வைத்து, அவருக்குள் பகுதிகளை ஒப்பிடும் முறையே தகும்.

8. மேற்கோள் அளவாக நிற்பது யாருடைய உடல்?

2012இன் திட்டத்தில் பங்கேற்றோர் ஹூஸ்டன், செயின்ட் லூயிஸ் ஆகிய இரு அமெரிக்க நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட 18 முதல் 40 வயதினர். 'நலமுடையவர்' என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட தரவு இவர்களுடையதே. ஜாக் ராவெலும் பிறரும் 2011இல், நோய்க்குறி ஏதுமில்லாத 396 வட அமெரிக்கப் பெண்களிடம் யோனிக் குழுமங்களை ஆராய்ந்து ஐந்து வகைகளாகப் பிரித்தனர். அவற்றுள் நான்கில் லாக்டோபேசில்லஸ் மேலோங்கியது. இந்நான்கு வகைகளுள் அடங்கியோர் வெள்ளையினப் பெண்களில் 89.7 விழுக்காடு, ஆசியப் பெண்களில் 80.2 விழுக்காடு, கறுப்பினப் பெண்களில் 61.9 விழுக்காடு, ஹிஸ்பானியப் பெண்களில் 59.6 விழுக்காடு. ஓர் இனத்தவரின் பெரும்பான்மை நிலையை 'இயல்பு' எனக் கொண்டால், நோய்க்குறியற்ற பிற பெண்கள் பலர் நோயாளர் பட்டியலில் சேர்க்கப்படுவர்.

குடலுக்கும் இது பொருந்தும். தான்யா யாட்சுனென்கோவும் பிறரும் 2012இல் மலாவி, வெனிசுவேலாவின் அமேசான் பகுதி, அமெரிக்கா ஆகிய இடங்களைச் சேர்ந்த 531 பேரை ஒப்பிட்டனர். அமெரிக்க வயது வந்தோரின் குடற்பன்மை மற்ற இரு நாட்டினரைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே, அமெரிக்கத் தரவுகளை அளவுகோலாகக் கொண்டு இந்திய மாதிரிகளை மதிப்பிடும் ஆய்வாளர், முதலில் தம் பகுதியின் நலமுடையோரிடமிருந்து ஒப்பீட்டு மாதிரிகளைத் திரட்டுவது முறை.

முடிவுரை

உடற்பகுதிகளின் பாக்டீரியக் குழுமங்களை ஒப்பிடுகையில், 'எந்த இடம்' என்னும் காரணி 'எவருடைய உடல்' என்னும் காரணியை விஞ்சி நிற்கிறது. ஆனால், வேறுபாட்டின் அளவு, ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் வகைப்பாட்டு நிலை, அளவுகோல், தொடக்கி, ஒப்பீட்டு மக்கள் ஆகியவற்றைச் சார்ந்தே வெளிப்படுகிறது. குடலில் நலத்தோடு இயைந்த பன்மை யோனியில் நோயோடு இயைகிறது. பன்மைக் குறியீட்டு எண் ஒன்றை எழுதும் ஆய்வேடு, அதன் அருகில் எந்த உடற்பகுதி, எந்த வகைப்பாட்டு நிலை, எந்த மக்கள் என்னும் மூன்றையும் எழுதுதல் வேண்டும். அம்மூன்றும் இல்லாத எண், ஆய்வு முடிவாகக் கொள்ளத் தகுதியுடையதன்று.